தீவிலிருந்து வந்த புட்டு
அத்தியாயம் 11

ஆடி அமாவாசை அன்று காலையில் முத்தாயி இலை நறுக்கவில்லை.

மூன்று வருஷமாக இந்த நாளில் அடுப்பை மூட்டுவதற்கு முன்பே தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் போய் ஒரு வாழை இலையை நறுக்கிக்கொண்டு வந்துவிடுவாள். செத்துப்போன மூத்த மகன் அங்கமுத்துவுக்குப் படையல் போட. இன்றைக்கு அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து சவ்வரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பு. அதில் சந்தோஷம் இருந்தது. அதுதான் மருமகள் கோமளாவைப் பயமுறுத்தியது.

"அத்தே, இலை?"

"எதுக்குடி இலை?"

"இன்னிக்கு அமாவாசை."

"இருக்கட்டும். உசுரோட இருக்கிற புள்ளைக்கு யாராச்சும் படையல் போடுவாங்களா? போட்டா அவனுக்கு ஆகுமா?"

உள்ளே ரப்பர் மரம் வெட்டும் உளியைத் தீட்டிக்கொண்டிருந்த பெரியதம்பியின் கை நின்றது. 

பெரியதம்பி முத்தாயியின் இளைய மகன். கோமளாவின் புருஷன். அதற்கு முன்னால் அவள் கொழுந்தன்.

ஜப்பான்காரன் காலத்தில் அங்கமுத்துவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சயாம் ரயில்பாதை வேலைக்கு இல்லை, கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ தீவில் மரம் வெட்ட. சண்டை முடிந்து அவனோடு போனவர்களில் சாமிக்கண்ணு ஒருவன்தான் திரும்பி வந்தான். அவன் சொன்னான்: "காய்ச்சல்ல கெடந்தான். ஒரு மரத்தடியில படுக்க வெச்சிட்டு நாங்க படகு ஏறிட்டோம்." அதற்கு மேல் அவன் சொல்லவில்லை. அங்கமுத்து போன நாளிலிருந்து ஆறு வருஷம் காத்திருந்துவிட்டு முத்தாயிதான் காரியம் பண்ணச் சொன்னாள். முத்தாயிதான் ஆறு மாசம் கழித்துத் தாலியை எடுத்து இளையவன் கையில் கொடுத்தாள். கோமளா இப்போது ஐந்து மாதம்.

எல்லாம் முடிந்த கதை என்றுதான் இருந்தது, போன மாதம் முத்தாயியின் கண்ணைக் காட்ட மலாக்காவுக்குப் போகும்வரை.

அன்று ஆற்றங்கரையில் ஒரு தொங்காங் கட்டியிருந்தது. சவ்வரிசி செய்கிற சாகு மாவு மூட்டை ஏற்றி வந்த தீவுப் படகு. படகுக்காரர் உசேன் என்ற மலாய்க்கார மனிதர், சாகு மாவில் அவித்த புட்டு உருண்டைகளை இலையில் கட்டி வைத்துக்கொண்டு விற்றார். பசிக்கு மாமியாரும் மருமகளும் ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். முத்தாயி ஒரு கடி கடித்தாள். இரண்டாவது கடியில் நின்றுவிட்டாள். உருண்டையின் நடுவில், விரல்கணு அளவுக்கு, எண்ணெயில் பொரித்த ஒரு துண்டு கருவாடு.

அவள் மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அது அவள் செய்கிற வேலை. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி ஏது? மரவள்ளி மாவுதான். எல்லாருக்கும் உருண்டை, மூத்தவன் உருண்டைக்குள் மட்டும் ஒரு துண்டு கருவாடு. மற்றவர்கள் கண்ணில் படாமல் இருக்கத்தான் நடுவில் புதைத்து வைத்தாள். இந்த உலகத்தில் வேறு யார் புட்டுக்குள் கருவாட்டை ஒளித்து வைப்பார்கள்?

"யார் செஞ்சது இது?" என்று கோமளாதான் மலாயில் கேட்டாள்.

சாகு மில்லுக்குப் பக்கத்தில் கடை போட்டிருக்கிற ஓர் ஒல்லியான தமிழ் ஆள் என்றார் உசேன். பேர் தெரியாது. தீவில் எல்லாரும் 'தம்பி' என்று கூப்பிடுகிறார்கள். அதிகம் பேசமாட்டான். அடுத்த அமாவாசை கழித்து நாலாம் நாள் படகு மறுபடி தீவுக்குப் போகிறது. இரண்டு பேருக்கு இடம் தருகிறேன், பெர்மிட் கொண்டுவாருங்கள் என்றார்.

அன்றிலிருந்து முத்தாயி அந்தப் பயணத்தைத்தான் தின்றாள், குடித்தாள்.

"மொதல் தீவுல நண்டாம். ரெண்டாவது தீவுல அன்னாசியாம், கரும்பு மாதிரி இனிக்குமாம். மூணாவதுலதான் சாகு. உசேன் சொன்னாரு. மொதல்ல அவன் ஆக்குன புட்டைத் திங்கணும். அப்புறம் அவனை ஒக்கார வெச்சு நான் ஆக்கிப் போடணும். புளி எடுத்துக்கணும், மொளகாத்தூள் எடுத்துக்கணும். அங்க கருவேப்பில மொளைக்குமான்னு தெரியல, ஒரு கன்னு பிடுங்கிக்கணும்."

வெளியூர் போகிற பெர்மிட் தாளில் வீட்டுத் தலைவன் கைநாட்டு வேண்டும். அந்தத் தாள் பதினொரு நாளாகக் தோட்டத்து ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி சபாரத்தினத்தின் மேசையில் கிடக்கிறது. பெரியதம்பி இன்னும் கைநாட்டு வைக்கவில்லை.

"வெக்க மாட்டேன்னு சொல்லலம்மா," என்றான் அவன் உள்ளேயிருந்து. "ஒரு புட்டு உருண்டைய நம்பிக் கடல தாண்டுறதா? மாசமா இருக்கிறவள வேற இழுத்துக்கிட்டு?"

"நீ மட்டும் எத நம்புன? சாமிக்கண்ணு வாயத்தானே? செத்தத பாத்தேன்னா சொன்னான் அவன்?"

"எங்க ரெண்டு பேருக்கும் தாலி எடுத்துக் குடுத்தது யாரு?"

முத்தாயியின் விரல்கள் சவ்வரிசிக்குள் நின்றன.

"நான்தான்," என்றாள். "அது சரியா தப்பான்னு அவன்கிட்டயே கேட்டுக்கறேன். அதுக்குத்தான் போறேன்."

பெரியதம்பி வெளியே வந்தான். தலைத்துணியை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றிக் கட்டியிருந்தான். கோமளாவைக் கடந்து போகும்போது அந்தத் துணியிலிருந்து ரப்பர் பால் நாற்றத்தோடு இன்னொரு வாசமும் வந்தது.

பொரித்த கருவாடு.

அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. விடிவதற்குள் எழுந்து பார்த்தபோது அவிக்கிற சட்டி ஈரமாக இருந்தது. மரவள்ளி மாவு டின்னில் ஒரு பிடி குறைந்திருந்தது.

*

வெளிச்சம் வந்த பிறகுதான் கேட்டைத் திறப்பார்கள். லயத்தைச் சுற்றி இரண்டு வரிசை முள்வேலி போட்டு ஒரு வருஷம் ஆகிறது. நியாலாஸ் பக்கத்துத் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் அதே கதைதான். வேலிக்கு வெளியே ஒரு பருக்கை போகக் கூடாது. காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுக்காரர்கள் பசியில் சாக வேண்டும் என்பது சட்டம். அதனால் ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்களும் காலி வயிற்றோடுதான் போக வேண்டும். சோற்றுப் பொட்டலத்தோடு பிடிபட்டால் விசாரணை கிடையாது, இரண்டு வருஷம் உள்ளே.

ஆம்பளைகளை ஒரு மலாய் கான்ஸ்டபிள் தடவிப் பார்த்தான். பொம்பளைகளுக்கு சாந்தி. அவளும் லயத்துப் பெண்தான், சோதனை வேலை கிடைத்ததிலிருந்து காக்கித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"கைய தூக்கு கோமளாக்கா. வாளியக் கவுத்து. வயித்துல என்ன ஒளிச்சிருக்க?"

"புள்ள."

"புள்ளைக்குப் பெர்மிட் இருக்கா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "அது வெளிய வந்து கார்டு எடுத்துக்கும்லா, நீ விடு," என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

கோமளாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பக்கத்து வரிசையைப் பார்த்தாள். கான்ஸ்டபிள் பெரியதம்பியின் சட்டைப் பையை, இடுப்பை, கால்சட்டை மடிப்பை எல்லாம் தட்டினான். வாளியை எட்டிப் பார்த்தான். ஒட்டுப்பால் கூடையை உதறினான். தலைத்துணிக்குக் கை வந்தது. வருஷக்கணக்கான பால் காய்ந்து கறுத்துக் கிடந்த துணி. அவன் மூக்கைச் சுளித்துக் கையை எடுத்துக்கொண்டான்.

"ஜாலான்," என்றான். போ.

கோமளாவுக்கு அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது.

*

பனி இன்னும் விலகவில்லை. மரங்களுக்கிடையில் பத்தடிக்கு மேல் தெரியாது. ஒவ்வொரு மரமும் யாரோ நிற்பது போலத் தோன்றி, கிட்டே போனதும் மரமாகிவிடும். இருபது வருஷம் வெட்டினாலும் இந்த நேரத்துக்கு மட்டும் பழக்கம் வராது.

பெரியதம்பிக்குக் கொடுத்திருந்த மர நிரை காட்டோரத்தில் இருந்தது. ஒரு காலத்தில் அது அங்கமுத்துவின் நிரை. முதல் மரத்தடியில் ஒரு கல் நட்டிருந்தார்கள். உடம்பு வராதவனுக்கு வேறு எங்கே நடுவது? அவன் தினமும் முதலில் கை வைத்த மரம் அதுதான்.

கோமளா தன் மரங்களை விட்டுவிட்டு அவன் பின்னால் போனாள்.

அவன் கல்லுக்கு முன்னால் மண்டிபோட்டிருந்தான். தலைத்துணியை அவிழ்த்தான். உள்ளே சின்னதாக நறுக்கிய வாழை இலை, அதில் நசுங்கிய புட்டு உருண்டை. இலையை விரித்து உருண்டையைத் திரும்பவும் கையால் உருட்டி வைத்தான். கும்பிட்டான்.

"அண்ணே, சாப்பிட்டுட்டுப் போயிரு," என்றான். பக்கத்தில் நிற்கிறவனிடம் பேசுவது போலத்தான் பேசினான். "அம்மா ஒன்னை உசுரோட இருக்கிறவன்னு நெனச்சு இந்த வருசம் எலை போடல. பட்டினியா திரும்பிப் போயிடாதே. நான் போட்டிருக்கேன். சாப்பிட்டுட்டு, வந்த வழியே போயிரு. வீட்டுக்கு வந்துராதே."

காட்டுக்குள்ளிருந்து ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

கோமளா மிதித்த சுள்ளி ஒடிந்தது. அவன் துள்ளித் திரும்பினான். முகத்தில் இரத்தமே இல்லை.

"அண்ணி..."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. மூன்று வருஷத்தில் தூக்கத்தில் எத்தனையோ தடவை அப்படிக் கூப்பிட்டிருக்கிறான். விழித்திருக்கும்போது இதுதான் முதல் தடவை.

கோமளா அதைக் கேட்டுக்கொள்ளாதவள் போல இலையைப் பார்த்தாள். "உள்ள கருவாடு வெச்சிருக்கியா?"

"ம்."

"ஒனக்கு எப்படித் தெரியும்? அந்தப் புட்டு அவரு கைப்பக்குவம்னு மட்டும்தான் அத்தை சொன்னாங்க, கருவாட்ட யாருக்கும் சொன்னதில்லையே. நானும் சொன்னதில்ல."

அவன் கையிலிருந்த மாவைத் துடைத்தான். "ஒரே வீட்டுல சமையல். எனக்கு மூக்கு இல்லையா? அண்ணன் உருண்டையில மட்டும் வாசம் அடிக்கும். மொத நாள் பொறாமையா இருந்திச்சு. அழுதேன்கூட. அடுத்த நாள் மரத்துக்கு வந்ததும் இங்கதான் ஒக்கார வெச்சு, உள்ள இருந்த கருவாட்டப் பிச்சு, பாதிய என் வாயில வெச்சான். அம்மாகிட்ட சொல்லாதடான்னான்."

"பாதியா?"

"சரிபாதி. தெனமும்."

கோமளா மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"மீதிப் பாதி எனக்குத்தான் குடுத்தாரு," என்றாள். "தெனமும். அத்தைகிட்ட சொல்லாதன்னாரு. நீ பாதி, நான் பாதின்னு சொல்லிக் குடுப்பாரு. அவரு பாதிய அவரு தின்னாருன்னுதான் இத்தன வருசமா நெனச்சிருந்தேன்."

இரண்டு பேரும் அந்த உருண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கணக்கு ரொம்பச் சின்னது. ஒரு பாதி தம்பிக்கு, ஒரு பாதி பெண்டாட்டிக்கு. அவன் ஒரு நாள்கூட அந்தக் கருவாட்டைத் தின்றதில்லை.

"அம்மாவுக்குத் தெரிய வேணாம்," என்றான் பெரியதம்பி.

"வேணாம்."

பிறகு கோமளா மெல்லக் கேட்டாள். "அவரு அந்தத் தீவுல இருந்தா நீ என்ன பண்ணுவ?"

"இல்ல."

"இருந்தா?"

"கைநாட்டு வெக்காம இருக்கிறது எதுக்குன்னு நெனக்கிற? அண்ணன் செத்திருக்கணும்னா? என் வாய் அப்படிச் சொல்லுமா?" அவன் தலைத்துணியை உதறினான். "இருந்தா நீ யாரு, நான் யாரு? அந்த வயித்துல இருக்கிறது யாரு? அது தெரியாமத்தான் வெக்கல."

தூரத்தில் வேலை பார்க்க வரும் மேற்பார்வை மண்டோரின் விசில் கேட்டது. கோமளா தன் மரத்துக்குத் திரும்பினாள். நடக்கும்போது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தன் முதுகை யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போல நிரை முடியும்வரை தோன்றிக்கொண்டே இருந்தது.

*

பால் எடை போட்டு முடிந்து, வெயில் உச்சிக்கு வந்தபோது ஆபீஸ் பையன் வந்தான். கிராணி கூப்பிடுகிறார், இரண்டு பேரையும்.

முத்தாயிக்கும் அது காதில் விழுந்துவிட்டது. "கைநாட்டுக்காகத்தான் இருக்கும்," என்று அவளும் கூடவே நடந்தாள். ஆபீஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள். "நான் இங்கனயே இருக்கேன். நல்ல சேதியா சொல்லுங்கடா."

சபாரத்தினம் யாழ்ப்பாணத்து மனிதர். வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி. இருபது வருஷம் இந்தத் தோட்டத்தில் எழுதியும் அவர் பேச்சு கப்பலில் இறங்கிய நாளில் இருந்த மாதிரியேதான் இருக்கிறது. அவர்கள் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார்.

"இதிலை இருங்கோ. பிள்ளை, நீரும் இரும். பால் சுமந்து வந்த உடம்பு."

மேசையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று பெர்மிட் தாள். இன்னொன்று, பழைய பேப்பர் மேல் ஒரு வாழை இலை.

பெரியதம்பி அதைப் பார்த்த உடனே எழுந்துவிட்டான். "நான்தான் வெச்சேன் கிராணி ஐயா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அண்ணனுக்குப் படையல்."

"நீர் இப்ப சொன்னது எனக்குக் கேக்கேல்லை," என்றார் சபாரத்தினம். "இரும். பத்து மணிக்குப் பட்டாளம் ரோந்து போகேக்கை காட்டோரம் எடுத்தது. சார்ஜன் கொண்டு வந்து மேசையிலை போட்டிட்டு, ஆர் காட்டுக்காரருக்குச் சாப்பாடு குடுக்கிறது எண்டு கேட்டவர். குரங்கு ஆரின்ரையோ குப்பையை இழுத்துக்கொண்டு போயிருக்கும் எண்டு சொன்னன். நம்பிப்போட்டார்."

"ஐயா, ஒங்க காலுல..."

"அது கிடக்கட்டும். அவர் ஏன் நம்பினவர் தெரியுமோ? அவருக்கு இலையிலை சாப்பிட்டுப் பழக்கமில்லை." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குப் பழக்கம். வடிவாப் பாரும் தம்பி. இலை எப்பிடிக் கிடக்குது?"

இலை மடித்திருந்தது.

நடுநரம்பு ஒடியாமல், விளிம்போடு விளிம்பு வைத்து, பந்தியில் சாப்பிட்டு எழுந்திருப்பவன் மடிக்கிற மாதிரி.

"குரங்கு மடிக்காது. காகம் மடிக்காது," என்றார் சபாரத்தினம். குரல் தாழ்ந்திருந்தது. "காட்டிலை இருக்கிற சீனன் மடிக்கமாட்டான். செத்தவனும் மடிக்கமாட்டான்."

 கோமளா கையை நீட்டி இலையைப் பிரித்தாள்.

புட்டில் ஒரு துகள்கூட மிச்சமில்லை. விரலால் வழித்துத் தின்ற தடம் இலையில் பளபளத்தது. அவ்வளவு பசி. ஆனால் இலையின் நடுவில் கருவாடு அப்படியே இருந்தது.

இரண்டாகப் பிட்டு. சரிபாதியாக. பக்கத்தில் பக்கத்தில் வைத்து.

வெளியே படிக்கட்டில் முத்தாயி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. "மொதல் தீவுல நண்டாம்..."

சபாரத்தினத்துக்கு அந்த இரண்டு துண்டின் அர்த்தம் தெரியாது. அவர் பார்த்தது மடித்த இலையை மட்டும்தான். இவர்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். 

பெரியதம்பிதான் முதலில் அசைந்தான். மை டப்பாவை எட்டி எடுத்தான். பதினொரு நாளாக மறுத்தவன், கட்டைவிரலை மையில் முக்கித் தாளில் அழுத்தினான். அழுத்திய விரலை எடுக்கவே இல்லை.

"அனுப்பிடுங்க ஐயா," என்றான். "அம்மாவையும் இவளையும். நாலாம் நாள் படகு. முடிஞ்சா அதுக்கு முன்னாலயே. ரெண்டு பேரும் இங்கேர்ந்து போயிரட்டும்."

"என்ன தம்பி, திடீரெண்டு..."

"அம்மாவுக்கு இது தெரிஞ்சா சோத்துச் சட்டிய எடுத்துக்கிட்டு வேலியத் தாண்டிடுவாங்க ஐயா. சுட்டுருவான்."

கோமளா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அம்மாவைப் பற்றித்தான் பேசினான். ஆனால் கண் அவள் மேல் இருந்தது. சட்டியைத் தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டப்போவது யார் என்று அவன் பயப்படுகிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. அண்ணன் தீவில் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவளைத் தீவுக்கு அனுப்ப அவனுக்குக் கைநாட்டு வந்திருக்கிறது.

சபாரத்தினம் பெருமூச்சு விட்டார். தாளைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

"காரணம் எண்ட இடத்திலை கிழவி 'புட்டுத் தின்ன' எண்டு எழுதச் சொன்னவ. நான் சிரிக்கேல்லை. நானும் புங்குடுதீவுக்குப் போய் ஒடியற் கூழ் குடிக்கவெண்டு மூண்டு வரியமா லீவு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். உறவினரைப் பார்க்க எண்டு எழுதியிருக்கிறன். இனி ஒரேயொரு இடம்தான் வெறுமையாக் கிடக்குது." அவர் கோமளாவைப் பார்க்காமல் கேட்டார். "போற ஆளுக்கு, அங்கை இருக்கிற ஆள் என்ன முறை எண்டு கேட்டிருக்கு. கிழவிக்கு மகன். உமக்கு என்ன பிள்ளை எழுத?"

அறையில் மின்விசிறி இல்லை. பெரியதம்பியின் நெற்றியிலிருந்து வியர்வை தாளில் சொட்டி, கைநாட்டின் ஓரம் கலங்கியது.

"ஒண்ணும் எழுத வேணாம்," என்றாள் கோமளா. "என் பேர அடிச்சிடுங்க ஐயா."

"கோமளா!"

"அத்தைக்குத் தொணைக்கு நீங்க போங்க," என்றாள் அவனிடம். மூன்று வருஷமாக நீ, வா, போ என்று கூப்பிட்டு வந்தவள் முதன்முதலாக 'நீங்க' என்றாள். அது மரியாதையா, விலகலா என்று அவனுக்குப் புரியவில்லை. "ஒங்க அம்மாவுக்கு அந்தத் தீவு வேணும். அந்தப் புட்ட யார்கிட்ட கத்துக்கிட்டான்னு அந்தக் கடைக்காரன கேட்டுட்டு வாங்க. அதுவும் தெரியணும்ல. நான் இங்க இருக்கேன். என் மரத்த வெட்டணும்."

"நீ மரத்துக்காகவா இருக்கிற?"

அவள் மேசையில் இருந்த இலையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

புருஷன் சாப்பிட்ட இலையில் பெண்டாட்டி சாப்பிடுவாள். லயத்தில் எந்தப் பொம்பளைக்கும் அது சொல்லித் தர வேண்டியதில்லை. வேறு ஆள் சாப்பிட்ட இலையை ஒருத்தியும் தொடமாட்டாள்.

கோமளா இரண்டு துண்டில் ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, அவசரமில்லாமல் மென்றாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் காட்டோரத்தில், பனியில், ஒரு கை ஊட்டியபோது எப்படி மென்றாளோ அப்படி.

சபாரத்தினம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே படிக்கட்டிலிருந்து முத்தாயியின் குரல் வந்தது. "டேய் தம்பி, வெச்சிட்டியாடா? நாம போறோமா?"

பெரியதம்பியின் கட்டைவிரலில் மை காயாமல் இருந்தது. அவன் முன்னால், இலையின் நடுவில், அவனுடைய பாதி இருந்தது.